ஐந்து நாள் வாசலில் நின்ற கடிதம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துப் பிறகு படியுங்கள்.

மெயிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நாம் அனுப்பும் மெயிலும் நமக்கு வரும் மெயிலும் எந்த வடிவத்தில் சேமித்து வைக்கப்படுகின்றன என்பதைப் பற்றி. "இதுல எழுத என்னங்க சார் இருக்குது?" என்று கேட்பீர்கள். இந்த ஜனவரி வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். முப்பத்து மூன்று வருடம் பிஸிக்ஸ் நடத்தியவன், கம்ப்யூட்டர் பயிற்சிக்கெல்லாம் போய் வந்தவன். ஆனால் இந்த விஷயத்தை என்னுடைய தம்பி மகளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

என் தம்பி அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான். 2023 ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டான். அவன் மகள் இந்த வருடம் பாரியூர் குண்டம் முடிந்த வாரம் கோபிக்கு வந்தாள். அப்பத்தாவோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தவள், கூடவே அவன் லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தாள். "பெரியப்பா, இதுல அப்பாவோட மெயில் எல்லாம் இருக்கு. தமிழ்ல இருக்கறது எனக்குப் படிக்க வரலை. நீங்க படிச்சுச் சொல்லணும்" என்றாள்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

தம்பி 1998இல் போனான். அப்போது ஐ.எஸ்.டி. பேசுவதென்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். கோபி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் அவன் மெயிலைப் பார்ப்பேன். இலவசமாகக் கிடைத்த ஒரு மெயில் கணக்கு எனக்கு இருந்தது. பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் அவன் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவான். அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். பிறகு தமிழ் எழுத்திலேயே எழுத ஆரம்பித்தான். சென்டர்காரப் பையனிடம் சொல்லி ஓர் எழுத்துருவை இறக்கிப் போட்ட பிறகு, திரையில் தமிழைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2001 அக்டோபரில் அப்பா இறந்தார். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் படிக்க வைத்தவர். தம்பிக்கு போன் செய்தேன். அவன் அழுதான். "வர முடியும்னு தோணலீங்கண்ணா, மெயில்ல விவரமா எழுதறேன்" என்றான். நான் கோபத்தில் "வர்றதுன்னா வா, இல்லைன்னா விடு" என்று வைத்துவிட்டேன்.

கருமாதி எல்லாம் முடிந்து சென்டருக்குப் போனேன். அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. மேலே சிவப்பு எழுத்தில் ஏதோ அறிவிப்பு, கீழே பாதி பேர் அனுப்பிய சாமி படங்களும் ஜோக்குகளும். பத்துப் பதினைந்தை அழித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உன் சின்ன மகனுக்கு ரெண்டு வரி எழுதக்கூட நேரம் இல்லை" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் சொன்னது உண்மை. அதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுத முடியாது.

பொங்கலுக்கு அவனிடமிருந்து மெயில் வந்தது. மகள் பிறந்த சேதி. அக்டோபரைப் பற்றி அதில் எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை. பிறகு அவன் நான்கைந்து முறை ஊருக்கு வந்துபோனான். எல்லாம் பேசினோம். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை.

என்னுடைய அந்தப் பழைய மெயில் கணக்கு என்ன ஆனது? ஸ்மார்ட்போன் வந்த பிறகு வேறு கணக்குக்கு மாறினேன். பழையதைத் திறக்கவே இல்லை. ஒருநாள் திறக்கப் போனால், நீண்ட நாள் பயன்படுத்தாததால் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. ஆறேழு வருடக் கடிதங்கள் போய்விட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. நிபந்தனைகளைப் படிக்காமல் 'சம்மதம்' கொடுத்தவன் நான்தான்.

இப்போது தம்பி மகள் கொண்டுவந்த லேப்டாப்புக்கு வருகிறேன்.

திண்ணையில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. 'மெயில்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் மாதத்துக்கு ஒரு கோப்பு. 'சென்ட்-மெயில்', அதன் பின்னால் மாதம், வருடம். 1998இலிருந்து வரிசையாக இருந்தது. "அப்பா முதல்ல பைன்னு ஒரு புரோகிராம் வச்சிருந்தார் பெரியப்பா. மாசம் முடிஞ்சா அதுவே பழைய மெயிலைத் தனியா எடுத்து வச்சுடும்" என்றாள்.

பைன் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் எழுதத் தொடங்கிய மெயில் நிரல். படம், வண்ணம் எதுவும் கிடையாது. எழுத்து மட்டும். நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது, மாணவர்களுக்கான மலிவுக் கணக்கில் இப்படிப்பட்ட எழுத்துத் திரைதான் கிடைத்தது. அந்தக் காலத்தில் கல்லூரியில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பைனுக்கு வாரிசாக 2007இல் ஆல்பைன் வந்தது. 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் எழுதிய 'மட்' இன்னொரு நிரல். தம்பி கடைசி வருடங்களில் மட்டுக்கு மாறியிருக்கிறான். நிரல் மாறியபோதும் கோப்புகள் மாறவில்லை. அதே கோப்புகளை இதுவும் படித்தது. விஷயம் இங்கேதான் இருக்கிறது.

அவள் மெயில் நிரல் எதையும் திறக்காமல், நோட்பேட் போன்ற சாதாரண எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். நான் ஏதோ கிறுக்கல்தான் வரும் என்று நினைத்தேன். அப்படியே படிக்க முடிந்தது! யார் அனுப்பியது, யாருக்கு, எந்தத் தேதி, என்ன பொருள், அதன் கீழே கடிதம். அது முடிந்ததும் ஒரு வெற்று வரி. பிறகு 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரியோடு அடுத்த கடிதம். அவ்வளவுதான் வடிவம். இதற்கு எம்பாக்ஸ் என்று பெயர். 1970களின் யூனிக்ஸ் கணினிகளில் இருந்து வரும் பழக்கம்.

அந்தக் காலத்தில் வீட்டில் உத்தரத்தில் ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அதில் குத்தி வைப்போம். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. எம்பாக்ஸ் அந்தக் கம்பிதான். அதன் சங்கடமும் அதேதான். நடுவில் இருக்கும் ஒரு கடிதத்தை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் கழற்றி மாட்ட வேண்டும். எம்பாக்ஸில் நடுவே ஒரு மெயிலை அழித்தால் கோப்பையே திரும்ப எழுத வேண்டியிருக்கும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் கை வைத்தால் குழம்பிப் போகும்.

இன்னொரு வேடிக்கை. கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கினால் என்ன ஆகும்? அடுத்த கடிதம் தொடங்கிவிட்டது என்று கணினி ஏமாந்துவிடும். அதனால் மெயிலைக் கோப்பில் சேர்க்கும் நிரல் அந்த வரிக்கு முன்னால் ஓர் அம்புக்குறி போட்டுவிடும். தம்பிக்கு 1999இல் நான் ஆங்கிலத்தில் அனுப்பிய ஒரு மெயிலில், 'திங்கட்கிழமையிலிருந்து அரையாண்டுத் தேர்வு' என்று எழுதிய வரிக்கு முன்னால் அந்த அம்புக்குறி நின்றுகொண்டிருந்தது. என் கணக்கில் அழிந்துபோன என் கடிதங்கள் அவனுடைய கம்பியில் பத்திரமாகத் தொங்குகின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எம்பாக்ஸின் சங்கடங்களைத் தீர்க்க வந்ததுதான் மெயில்டிர். டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் 1990களில் தன் 'க்யூமெயில்' நிரலுக்காக உருவாக்கியது. ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. மூன்று அறைகள் உண்டு. வந்துகொண்டிருக்கும் கடிதம் ஒன்றில், வந்து இன்னும் பார்க்காதது ஒன்றில், பார்த்தது ஒன்றில். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் அறைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடிக்காத கோப்பு முதல் அறையைத் தாண்டாது என்பதால், நடுவில் கரண்ட் போனாலும் மற்ற கடிதங்களுக்குச் சேதம் இல்லை. அதற்கும் முன்பே, 1970களின் இறுதியில் ராண்ட் நிறுவனத்தில் உருவான எம்.எச். என்ற ஏற்பாட்டிலும் கடிதத்துக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு எண் என்று வைத்திருந்தார்கள்.

கம்பியோ அறைப்பெட்டியோ, இவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. எந்த நிரலைக் கொண்டும் திறக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விண்டோஸில் பலரும் பயன்படுத்திய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அப்படி இல்லை. தனக்கென ஒரு கோப்பு வடிவம் வைத்திருந்தது. சாதாரண எடிட்டரில் திறந்தால் அரைகுறையாகத்தான் தெரியும். அந்த நிரலே இப்போது வழக்கொழிந்துவிட்டது. பெட்டி இருக்கிறது, சாவி செய்த ஆசாரி ஊரில் இல்லை என்ற கதை. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் தேடிப்போக வேண்டும்.

சரி, தமிழ்க் கடிதங்கள்?

2000இலிருந்து அவன் தமிழில் எழுதிய மெயில்களைத் திறந்தபோது திரை முழுக்கப் பொட்டு வைத்த, கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகள். "இது கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன் பெரியப்பா" என்றாள் தம்பி மகள். ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் அவள் படித்திருக்கிறாள். இவற்றை மட்டும் கெட்டது என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

எனக்குப் பார்த்ததும் புரிந்தது. அந்த எழுத்துக்கோலத்தை பிரவுசிங் சென்டரில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! எழுத்துரு இல்லாத கணினியில் உட்கார்ந்தால் இப்படித்தான் வரும். "கெடலை கண்ணு, இது திஸ்கி" என்றேன்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடு பரவலாவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு வழியில் எழுத்தை வைத்திருந்தது. ஒரு எழுத்துருவில் 'க' இருக்கும் எண்ணில் இன்னொன்றில் 'ம' இருக்கும். அனுப்பியவரிடம் இருக்கும் அதே எழுத்துரு நம்மிடமும் இருந்தால்தான் படிக்க முடியும். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய தமிழ்.நெட் வழியாகவும், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாகவும்தான் உலகத் தமிழர்கள் தமிழில் மெயில் எழுதப் பழகினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். இப்படிப் பல நாட்டுத் தமிழர்கள் மெயிலிலேயே விவாதித்து விவாதித்து ஒரு பொதுத் தரத்துக்கு வந்தார்கள். அதுதான் திஸ்கி. முதல் 128 இடங்களில் ஆங்கிலம், மேல் பாதியில் தமிழ். 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களைக் கொண்டுவந்தது. ஆகப் பல தரங்கள் பக்கம் பக்கமாக இருந்தன.

தம்பி வீட்டுக் கணினியில் முரசு அஞ்சலில் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பைப் பல்கலைக்கழகக் கணினிக்கு ஏற்றி, பைனில் சேர்த்து அனுப்புவானாம். இதை எனக்கு ஒரு மெயிலில் எழுதியிருக்கிறான். அவ்வளவு சுற்றி வந்த தமிழ் அது.

'திஸ்கி' என்ற பெயர் கிடைத்ததும் அவள் வேலை சுலபமாகிவிட்டது. லினக்ஸில் 'ஐகான்வ்' என்று ஒரு சின்னக் கருவி உண்டு. எழுத்துமுறை மாற்றுவதற்கானது. அது ஏற்கும் பட்டியலில் நம் திஸ்கியும் இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ அதைச் சேர்த்து வைத்திருக்கிறார். எழுத்து இருக்கும் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. திஸ்கியில் 'கெ' என்பதைக் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முதலில், 'க' பிறகு என்று வைத்திருப்பார்கள். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. அந்த வரிசையையும் மாற்ற வேண்டும். ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்தாள். பொட்டும் கொம்புமாக இருந்த பக்கம் தமிழாகிவிட்டது.

அடுத்தது, 2001 அக்டோபர் கோப்பு.

அதைத் திறக்கச் சொன்னது நான்தான். ஒன்றும் இருக்காது என்று உறுதி செய்துகொள்ளத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

கடிதம் இருந்தது. என் பழைய முகவரிக்கு, நான் போன் செய்த மறுநாள் அனுப்பியது. பெரிய கடிதம். விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, இப்போது வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று வக்கீலுக்கே தெரியவில்லை, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியைத் தனியே விட்டு வர முடியவில்லை என்று எழுதியிருந்தான். அப்பாவைப் பற்றி எழுதியிருந்தான். வாய்க்கால் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததை எழுதியிருந்தான். எனக்குச் சில வரிகள் எழுதியிருந்தான். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

எனக்கு ஏன் வரவில்லை? அவனுக்கு வந்த மெயில்கள் இருக்கும் கோப்பில் பதில் இருந்தது. அனுப்பிய சில மணி நேரத்தில் ஓர் எச்சரிக்கை: பெறுபவரின் பெட்டி நிறைந்திருக்கிறது, தொடர்ந்து முயல்கிறோம். ஐந்தாம் நாள் இன்னொன்று: கைவிடுகிறோம். அந்தக் காலத்தில் இலவச மெயிலில் இரண்டு எம்.பி., நான்கு எம்.பி. இடம்தான் கொடுப்பார்கள். ஜிமெயில் 2004 ஏப்ரலில் ஒரு ஜி.பி. கொடுத்தபோது, தேதியைப் பார்த்து ஏப்ரல் ஃபூல் என்று நினைத்தவர்கள் உண்டு. என் பெட்டியைச் சாமி படங்களும் ஜோக்குகளும் அடைத்துக்கொண்டிருந்தன. மேலே சிவப்பு எழுத்தில் இருந்த அறிவிப்பு அதுதான். நான் படிக்கவில்லை.

என் தம்பியின் கடிதம் ஐந்து நாள் என் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

மறுபடி ஏன் அனுப்பவில்லை என்று அவனைக் கேட்க முடியாது. போனில் நான் பேசிய பேச்சுக்கு, பெட்டி நிறைந்ததே நல்லது என்று நினைத்திருப்பானோ என்னவோ.

அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். இரண்டு இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை, தம்பி மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். படித்து முடித்ததும் அம்மா, "அவன் எழுதியிருப்பான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீதான் வரலைன்னு சொன்னே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு பேத்தியைப் பார்த்து, "அந்த வாய்க்கா கரைய நாளைக்குக் காட்டச் சொல்லு சாமி" என்றார்.

நண்பர்களே, இதில் நான் யோசிப்பது ஒன்றுதான். இருபத்து மூன்று வருடம் கழித்து அந்தக் கடிதம் கிடைத்ததற்கு இரண்டு காரணங்கள். அவன் தன் மெயிலைத் தன் கையில், தன் வட்டில் வைத்திருந்தான். எவரும் திறக்கக்கூடிய சாதாரண எழுத்து வடிவில் வைத்திருந்தான். நான் இரண்டையும் செய்யவில்லை. என்னிடம் ஒன்றும் இல்லை.

இது என் ஒருவன் கதை மட்டும் இல்லை. 2000களின் தொடக்கத்தில் இணையத் தமிழ் வளர்ந்ததே யாஹூ குழுமங்களில்தான். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று எத்தனை குழுமங்கள்! யாஹூ 2019இல் குழுமங்களின் பழைய மடல்களைத் தளத்திலிருந்து நீக்கியது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. தங்கள் பெட்டியில் பிரதி வைத்திருந்தவர்களிடம்தான் அந்த எழுத்தெல்லாம் இருக்கும். கூகுளும், இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இறந்தவரின் கணக்கை யார் தொட்டுக்கொண்டிருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தக் கறுப்புத் திரை நிரல்களின் எதிர்காலம். ஆசையில் பொய் சொல்ல மாட்டேன். அவற்றின் நிலை சிரமம்தான்.

முதல் சிரமம், தமிழ். பல டெர்மினல்களில் கொம்பும் சுழியும் எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும், வரி நெளியும். எழுத்துக்கு எழுத்து ஒரே அகலம் என்ற கணக்கில் செய்த திரை அது. நம் எழுத்து அந்தக் கணக்குக்கு அடங்காது. இரண்டாவது, இன்று வரும் மெயில் பெரும்பாலும் இணையப் பக்கம் போல் வடிவமைத்து வருகிறது. வங்கி மெயிலைக் கறுப்புத் திரையில் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மூன்றாவது, உள்ளே நுழைவது. 2022 மே 30 முதல் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து வெளி நிரல்கள் ஜிமெயிலுக்குள் நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் இந்தச் சிறிய நிரல்களுக்கு அது ஒரு கூடுதல் மதில். தாண்ட வழி உண்டு. ஆனால் என் போன்றவர்களுக்குக் கை பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும்.

அப்படியும் அவை சாகவில்லை. மட், ஆல்பைன் இரண்டையும் இன்றும் சிலர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். 'நியோமட்', 'ஏர்க்' என்று புதிதாகவும் வந்திருக்கின்றன. நம் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கருநிரலில் திருத்தம் செய்பவர்கள் இன்றும் அந்தத் திருத்தங்களை வெறும் எழுத்து மெயிலாகத்தான் அனுப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் இருக்கும் வரை இந்த நிரல்களுக்கு வேலை இருக்கும். கொடிவேரியிலிருந்து வரும் வாய்க்காலை ஊரில் எல்லோரும் தூர்வாரப் போவதில்லை. சில பேர் மண்வெட்டி எடுத்தால் எல்லார் வயலுக்கும் தண்ணீர் வருகிறது. இவர்கள் எம்பாக்ஸையும் மெயில்டிரையும் புழக்கத்தில் வைத்திருப்பதால்தான், மற்றவர்களுக்கும் அந்த வடிவம் திறக்கிறது.

நாம் எல்லோரும் கறுப்புத் திரைக்கு மாற வேண்டியதில்லை. நானும் மாறவில்லை. ஆனால் நம் கடிதங்களை அந்த வடிவத்தில் எடுத்து வைக்கலாம். நான் செய்ததைச் சொல்கிறேன்.

1. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய் 'மெயில்' என்பதை மட்டும் தேர்வு செய்து கேளுங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இறக்கிக்கொள்ளும் இணைப்பு வரும். அது கொடுப்பது எம்பாக்ஸ் கோப்புதான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய அதே கம்பி.

2. கணினியில் தண்டர்பேர்டு நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம். மெயிலை அதுவும் எம்பாக்ஸாகவே சேமிக்கிறது. பழகுவதும் எளிது.

3. அந்தக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து, தமிழ் மெயில் கிறுக்கலாகத் தெரிந்தால் பயந்துவிடாதீர்கள். மெயில் என்பது ஆங்கில எழுத்துகளை மட்டும் சுமக்கப் பிறந்தது. யூனிகோடுத் தமிழில் ஒரு குறியீடு மூன்று பைட். அதை ஆங்கில எழுத்துகளாக மாற்றிக் கட்டி அனுப்புவார்கள். ஒரு முறையில் அது நான்கு எழுத்தாகும், இன்னொரு முறையில் ஒன்பதாகும். மெயில் நிரல் அந்தக் கட்டை அவிழ்த்துத் தமிழாகக் காட்டும். எப்படிக் கட்டியது என்ற விவரம் கோப்பிலேயே எழுதியிருப்பதால், பின்னால் வருபவர்களும் அவிழ்க்கலாம்.

4. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம், அது சொல்லாமல் போகும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். நான் ஆயுதபூஜையன்று செய்வதாக முடிவு செய்திருக்கிறேன்.

5. வீட்டில் ஒருவருக்காவது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் வந்த பிறகு யார் மெயில் எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். எழுதுவது குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் 1998 முதல் பத்துப் பதினைந்து வருடம், வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் கொங்குப் பக்கத்துக் குடும்பங்களின் சுகதுக்கமெல்லாம் மெயிலில்தான் இருக்கிறது. இன்லேண்டு லெட்டரைக் கம்பியில் குத்தி வைத்தோம். இவற்றை எங்கேயும் குத்தி வைக்கவில்லை.

தம்பி மகள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். தமிழ்க் கடிதங்களை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதியை என் கணினியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாரம் ஒன்றை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். இப்போது 2003 வரைக்கும் வந்திருக்கிறோம்.

பழைய திஸ்கி மெயிலோ, திறக்க முடியாத கோப்போ வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தம்பி மகளிடம் கேட்டுச் சொல்கிறேன். 'கெட்டுவிட்டது' என்று எதையும் அழித்துவிடாதீர்கள்.

இன்று ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் மெயில் பெட்டியில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று பாருங்கள். யாராவது வாசலில் நின்றுகொண்டிருக்கலாம்.